ஜப்பான்காரனாகச் செத்த கதை

என் ஒன்பதாவது வயதில் எங்கள் ஊரிலேயே நன்றாகச் சாகத் தெரிந்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நாடக வாத்தியாரே அத்தனை பையன்களையும் களத்துமேட்டில் வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து மற்றப் பையன்கள் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

சண்டை முடிந்து என் தாய்மாமன் பர்மாவிலிருந்து திரும்பி வந்த வருஷம் அது. கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவில், ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. மாமா பஸ்ஸை விட்டு இறங்கியபோது எங்கள் தெருவே அங்கே நின்றது. காக்கி உடுப்பு, தோளில் தொங்கும் தண்ணீர்க் குப்பி, காலில் பூட்ஸ். அந்தப் பூட்ஸை அவர் கழற்றி வைத்ததும் நாங்கள் முறைபோட்டுக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே காலை விட்டு நின்று பார்த்தோம். என் முறை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மாமா வந்ததில் ஊருக்கு ஒரு குறை இருந்தது. ஊர் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்டால் அவர் கோவேறு கழுதையைப் பற்றிச் சொல்வார். மூட்டை ஏற்றினால் அது நடக்காதாம், யாராவது பாட்டுப் பாடினால்தான் நடக்குமாம். குண்டு எப்படி வரும் என்று கேட்டால் மழையைப் பற்றியும், கால் விரலிடுக்கில் ஏறும் அட்டையைப் பற்றியும், டின்னில் அடைத்த மீனைப் பற்றியும் சொல்வார். "கழுதை மேய்க்கவா இவரைக் கப்பல் ஏத்திக் கூட்டிட்டுப் போனாக?" என்று என் அப்பா மைத்துனரைக் கேலி செய்தார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அவர் விட்ட இடங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் நான் நிரப்பினேன். திங்கட்கிழமை பத்து ஜப்பான்காரர்களைச் சுட்ட மாமா வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மலையையே தனியாளாகப் பிடித்துவிட்டார். கழுதைகூட என் கதையில் குதிரையாகிவிட்டது.

எதிரியைப் பற்றி அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான். காப்பிக்கடையில் யாரோ, "சப்பான்காரன் எம்புட்டு உசரம்யா இருப்பான்?" என்று கேட்டார். மாமா கையைத் தன் நெஞ்சுக்குக் கீழே வைத்து, "இம்புட்டுத்தான்" என்றார். பிறகு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கடையில் இருந்தவர்களுக்கு அவர் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த உயரம்தான் ஊர் முழுக்கப் பரவியது.

வைகாசித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் புராண நாடகம்தான் நடக்கும். பழக்கிக் கொடுக்க ஒரு வாத்தியார் பெரியகுளத்திலிருந்து ஹார்மோனியத்தோடு வந்து ஒரு மாதம் தங்குவார். அந்த வருஷம் அவர் வந்து இறங்கியதும், ஊரில் நிஜப் பட்டாளத்தான் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டார். "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதா? பர்மா சண்டையவே போட்டுருவோம்" என்று சொல்லி, மூன்றே நாளில் நாடகத்தை எழுதி முடித்தார். அவர் மதுரையைத் தாண்டியதில்லை. பர்மா எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஆகவே கதை தடையில்லாமல் ஓடியது.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். விடிய விடிய விளக்கெரிக்க வழியில்லை என்பதால் நாடகத்தைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வைத்துக்கொள்வதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

ஜப்பான்காரர்கள் யார் என்ற பேச்சு வந்தபோதுதான் எங்களுக்கு யோகம் அடித்தது. ஜப்பான்காரன் நெஞ்சுயரம்தான் இருப்பான் என்று நிஜப் பட்டாளத்தானே சொல்லிவிட்ட பிறகு, வளர்ந்த ஆளுக்கு எப்படி அந்த வேஷம் கொடுப்பது? வாத்தியார் நியாயஸ்தர். பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்களில் எட்டுப் பேரைப் பொறுக்கினார். அன்றைக்கு நாங்கள் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனோம். ஜப்பான் பாஷை வேண்டுமே என்று அவர் தலையைச் சொறிந்தபோது, ஊர்ப் பெயர்களைத் திருப்பிப் போட்டால் போதும் என்ற யோசனையைச் சொன்னவன் நான். கோம்பையைத் திருப்பினால் பைம்கோ. போடியைத் திருப்பினால் டிபோ. பத்து நாளில் எங்கள் தெருக் குழந்தைகள் எல்லாம் ஜப்பான் பாஷை பேசின.

பிறகு சாகிற ஒத்திகை. மேடைக்குப் பின்னால் ஒருவர் தகர டின்னைத் தடியால் ஓங்கி அடிப்பார், அதுதான் துப்பாக்கிச் சத்தம். மற்றப் பையன்கள் சத்தம் கேட்டதும் தொப்பென்று விழுந்தார்கள். நான் அப்படி அவசரப்படவில்லை. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். ஒரு சுற்றுச் சுற்றுவேன். ஒரு முழங்காலை ஊன்றி, வானத்தைப் பார்த்து எதையோ கேட்பதுபோல் கையை நீட்டுவேன். அப்புறம்தான் மல்லாந்து விழுவேன். விழுந்தும் உடனே அடங்கிவிட மாட்டேன். குதிகால் இரண்டு தடவை உதறும். அது வீட்டில் கோழி அறுக்கும்போது கவனித்துக் கற்றுக்கொண்டது. வாத்தியார் அசந்துபோனார். கதாநாயகன் கையால் முதல் குண்டு வாங்கிச் சாகிற ஜப்பான்காரன் நான்தான் என்று முடிவாயிற்று.

கதாநாயகன் வேஷம் மாமாவுக்கு. அவர் முதலில் மாட்டேன் என்றார். உடுப்பை வேண்டுமானால் தருகிறேன், யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்றார். போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை. வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

"ஊரே கேக்குதுடா தம்பி. இம்புட்டுத் தூரம் போய் உசுரோட வந்திருக்க. அந்த ஆத்தா சன்னதியில ஒரு நாளு நின்னா என்ன?"

மாமா வாத்தியாரைப் பார்த்து, "சுடுறது மாதிரி வருமா?" என்று கேட்டார்.

"சுடாம என்ன பட்டாளத்தான் நாடகம்? நீ கட்டைத் துப்பாக்கிய நீட்டுனாப் போதும். பின்னால டின்னு விழும். எதுக்க வர்றவன் விழுவான்."

மாமா, "டின்னைத்தான தட்டப் போறாக. சரி" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் சந்தோஷத்தில் அம்மியில் காலை இடித்துக்கொண்டேன்.

எதிராளி நான்தான் என்பதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்ததுதான். பொடியன் மஞ்சள் முகத்தோடு குதித்து வருவதைப் பார்த்து மாமா மேடையிலேயே சிரித்துவிட வேண்டும், ஊரும் சிரிக்க வேண்டும் என்பது வாத்தியாரின் கணக்கு. அதனால் அவருக்குத் தனி ஒத்திகை, எங்களுக்குத் தனி ஒத்திகை. ஒரே வீட்டில், ஒரே பாயில் மாமாவோடு படுத்துக்கொண்டு இந்த ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்திருந்தது நான் அதுவரை செய்ததிலேயே பெரிய சாதனை.

திருவிழா அன்று கோவிலுக்கு எதிரே மேடை போட்டு, வாழை மரங்களையும் கரும்பையும் நட்டுப் பர்மாக் காடு உண்டாக்கினார்கள். நேர்ந்துவிட்ட ஆடு ஒன்று வந்து காட்டில் கால்வாசியைத் தின்றுவிட்டது. கோம்பையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்து குவிந்தார்கள். அம்மா அரைத்துக் கொடுத்த மஞ்சளை முகத்திலும் கழுத்திலும் அப்பி, கண்ணோரத்தில் கரியால் கோடு இழுத்து, கையில் ஆசாரி செய்த துப்பாக்கியைக் கொடுத்து என்னை வாழைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஆசாரி எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே அளவில் செய்திருந்தார். என்னுடையது என்னைவிட ஒரு சாண் உயரம்.

படுதா விலகியது. மாமா வந்தார். நிஜப் பட்டாள நடை, பலகை அதிர்ந்தது. சீழ்க்கை காதைப் பிளந்தது. மாமா வசனத்தைக் கணீரென்று சொன்னார். ஒரு வார்த்தை பிசகவில்லை. என் நெஞ்சு டின்னை விடச் சத்தமாக அடித்துக்கொண்டது. வாத்தியார் ஓரத்திலிருந்து விரலை அசைத்தார்.

"பைம்கோ! டிபோ!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா திரும்பினார். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், என் துப்பாக்கியைப் பார்த்தார், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். அவர் கையிலிருந்த துப்பாக்கி தரையைப் பார்த்தபடியே இருந்தது.

"நீட்டு, நீட்டு" என்று வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மாமா நீட்டவில்லை. பின்னால் இருந்த டின்காரருக்கோ மேடையில் என்ன நடக்கிறதென்று தெரியாது. அவர் பாட்டுக்கு ஓங்கி ஒரு அடி அடித்தார். அந்தச் சத்தத்துக்கு மாமா அசையக்கூட இல்லை. ஆனால் சத்தம் கேட்டால் சாக வேண்டும் என்பது என் வேலை. நான் சாகத் தொடங்கினேன்.

வயிற்றைப் பிடித்தேன். சுற்றினேன். முழங்காலை ஊன்றினேன். வானத்தைப் பார்த்துக் கையை நீட்டினேன். ஒத்திகையில்கூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை. மல்லாந்து விழுந்து, குதிகாலை உதறப் போகிற நேரத்தில் துப்பாக்கி ஒன்று பலகையில் விழும் சத்தம் கேட்டது. மாமா என் பக்கத்தில் மண்டியிட்டு என்னை வாரி மடியில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, கண்ணைத் தொற. கண்ணைத் தொறடா."

இது நாடகத்தில் இல்லை. கோபத்தில் எனக்குக் காது சூடேறியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு அசையாமல், "விடுங்க மாமா, நான் செத்துட்டேன்" என்றேன். அவருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பாக்கியிருந்த குதிகால் உதறலையாவது முடித்துவிடலாமென்று அவர் மடியிலேயே இரண்டு தடவை உதறினேன். அதற்கு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காக்கிச் சட்டையின் கையால் என் முகத்து மஞ்சளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாத்தியார் கெட்டிக்காரர். சட்டென்று ஹார்மோனியத்தில் சோக ராகம் ஒன்றைப் பிடித்தார். "என்னமா நடிக்கிறாக" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். மாமா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நடக்க ஆரம்பித்தார். ஜனங்கள் விலகி வழி விட்டுக் கை தட்டினார்கள். பின்னால் பபூன் வந்து ஆடத் தொடங்கியதும் கேட்டது. எனக்குப் பின்னால் சாக வேண்டிய ஏழு ஜப்பான்காரர்களும் கரும்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றில் முழங்காலளவு தண்ணீர். மாமா பூட்ஸோடு இறங்கி, என்னை நிறுத்தி, முகத்தைக் கழுவினார். மஞ்சள் போய், கண்ணோரக் கரி போய், இனிக் கழுவ ஒன்றுமில்லை என்ற பிறகும் கழுவினார். அம்மா பின்னாலேயே ஓடி வந்தவள், கரையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை.

"இம்புட்டுத்தான்டா இருந்தான்" என்றார் மாமா, என் தலையைத் தொட்டு. "காட்டுக்குள்ள இருந்து கத்திக்கிட்டு வந்தான். சுட்டுப்புட்டேன். கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியுது, சின்னப் பய. மீசைகூட மொளைக்கல. துப்பாக்கி அவனை விட உசரம். கண்ணைத் தொறடா, தொறடான்னு எம்புட்டோ சொன்னேன்."

"யாரு மாமா?"

"ஒருத்தன்."

மாமா கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆற்றுத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நான் எண்ணினேன். மேலும், அந்த ஒருத்தனைப் பற்றி விசாரிக்க எனக்கு நேரமில்லை. அங்கே மேடையில் என் நாடகம் நடந்துகொண்டிருந்தது. அதைவிட முக்கியமான சந்தேகம் ஒன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஊரில் நிஜமாகவே சாவைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான், இவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

"நான் நல்லாச் செத்தேனா மாமா?"

மாமா கழுவுவதை நிறுத்தினார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"செத்ததை விடு மாப்ள. செத்துக் கெடந்தவன் வாயத் தொறந்து, விடுங்க மாமான்னு பேசுனே பாரு. அதுதான்டா நல்லா இருந்துச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செத்த பிறகு பேசக் கூடாது என்பதுதான் வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவ்வளவு அருமையாகச் செத்துக் காட்டியிருக்கிறேன், அதில் நான் செய்த ஒரே தப்பைப் போய் நன்றாக இருந்தது என்கிறாரே, பட்டாளத்துக்குப் போய் வந்து என்ன, மாமாவுக்கு நாடகத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.