ஷ்னைடருக்கு ஷ்னைடர் பங்காளியா? விழுப்புரத்திலிருந்து ஒரு சனிக்கிழமைப் பயணம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து கிளம்பினேன். ஊர் சுற்ற இல்லை. மறுநாள் எங்கள் சர்ச்சில் என் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை, அதாவது தடை உண்டா என்று சபையைக் கேட்கும் கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அதில் எழுந்து நின்று தடை சொல்லப் போவதாக என் பெரியப்பா சொல்லியிருந்தார். அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர். அவர் சொன்னால் கல்யாணம் நின்றதுதான்.

வில்லங்கம் எங்கள் குடும்பப் பெயரால் வந்தது. நாங்கள் ஷ்னைடர்கள். மாப்பிள்ளையை எஸ். டேனியல் என்றுதான் தெரியும். அந்த 'எஸ்' அவருடைய அப்பா சாமுவேல் என்று நினைத்துக்கொண்டோம். முதல் ஓலையில் போதகர் 'டேனியல் ஷ்னைடர்' என்று முழுதாக வாசித்ததும் பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பெயர் ஒன்றென்றால் பங்காளி, பங்காளி என்றால் எனக்கு அண்ணன் முறை.

ஷ்னைடர் என்றால் ஜெர்மன் மொழியில் தையல்காரர். ஊருக்கு ஊர் தையல்காரர் இருந்ததால் அங்கே அந்தப் பெயர் எக்கச்சக்கம். எல்லோரும் உறவு இல்லை. வாரம் முழுக்க இதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஜெர்மன்காரன் எப்டியோ போறான். நமக்குப் பேரு ஒண்ணுன்னா ரத்தம் ஒண்ணு" என்றார்.

மனிதர் பிடிவாதத்துக்கு நானும் சளைத்தவள் இல்லை. மாப்பிள்ளையின் ஊருக்கே அவரை இழுத்துக்கொண்டு போனேன். காலை ஏழு மணிக்குப் பேருந்து. திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஒரு மணி நேரம். வழி முழுக்க அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் மரக்காணம் பேருந்தைப் பிடித்து, பெருமுக்கல் தாண்டி இறங்கி, ஆட்டோ ஏறினோம்.

"யார் வூட்டுக்கும்மா?" என்றார் டிரைவர்.

"ஷ்னைடர் வீட்டுக்கு."

"எந்த ஷ்னைடரு? அங்க பாதி ஊரு அதாங்க."

பெரியப்பா அப்போதுதான் தலையைத் திருப்பினார்.

ஊர் முனையில் ஒரு பெண்மணி மல்லாட்டை என்கிற நிலக்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். பெயர் ரெபேக்கா. பெரியப்பா தன்னை யாரென்று சொல்லாமல், "இங்க ஷ்னைடருங்க எல்லாம் பங்காளிங்களா?" என்று கேட்டார்.

"அது எப்டிங்க? நான் பொறந்ததும் ஷ்னைடர் வூடு, வாக்கப்பட்டதும் ஷ்னைடர் வூடு. ஞானஸ்நானம் குடுத்த வெள்ளக்காரப் பாதிரி பேர ஊரே வெச்சிக்கினாங்க. பேரப் பாத்துக்கினு இருந்தா இங்க ஒரு பொண்ணுக்கும் கல்யாணம் ஆவாது. நாங்க தாத்தா பேரக் கேட்டுத்தான் முறை பாக்கறது."

பெரியப்பா என் கொள்ளுத்தாத்தா பெயர்வரை சொன்னார். ரெபேக்கா யோசித்துப் பார்த்து, "அப்டி யாரும் இந்த ஊர்ல இல்லீங்க" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் திரும்பும் பேருந்தில் அவர், "அப்ப நம்ம பேரும் பாதிரி பேருதானா? அதுக்கு முன்ன நமக்கு என்னா பேரு?" என்று கேட்டார். தன் வம்சம் என்று ஆயுசுக்கும் பெருமையாகச் சொன்ன பெயர், யாரோ ஒரு பாதிரியுடையது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இப்படித் தேடிப் போகிறவர்கள் தாத்தா பெயரைக் கேட்டுக்கொண்டு போங்கள். காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் திரும்ப ஆட்டோ கிடைக்காது. வீட்டுப் பெரியவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் வந்து சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஞாயிறன்று போதகர் ஓலையை வாசித்து, "யாருக்காவது தடை உண்டா?" என்று கேட்டார். பெரியப்பா எழுந்து நின்றார்.

"நான் பொண்ணுக்குப் பெரியப்பா" என்றார். "எனக்குத் தடை இல்லீங்க."