சபுரான பிள்ளை

அந்தப் புத்தகத்தை நான் வாசித்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும்.

பாடசாலை நூலகம் என் பொறுப்பில் இருந்தது. அன்பளிப்பாக வந்த பார்சலில் இளையோர் நாவல் ஒன்று, ஒரே ஒரு பிரதி. உம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண்பிள்ளையின் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்தது. பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதை எடுத்துப்போனாள். அவளுடைய உம்மா மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஜனாஸாவைத் தூக்கும்போது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழாமல் பொறுத்துக்கொள்வதைத்தான் எங்கள் ஊரில் சபுர் என்பார்கள். "என்ன சபுரான புள்ள" என்று வந்திருந்த பெண்களெல்லாம் மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன்.

அடுத்த கிழமை பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கும் ஹாஜியார் ஒருவர் நூலகத்துக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மௌத்துக்கு மாரடிச்சி அழுறதப் படிச்சிக் குடுக்கிற புத்தகமாம். நம்மட புள்ளைகளுக்கு இது என்னத்துக்கு டீச்சர்?"

"பாக்கிறன் ஹாஜியார்."

மேசையில் கிடந்த பேனையை எடுத்து நேராக வைத்தார். "டீச்சருக்கு இறக்காமத்துப் பக்கம் ஆக்கள் இரிக்கா? இடமாற்றம் வந்தா தங்கிறத்துக்குக் கேட்டன்."

எனக்கு வீட்டில் வாப்பா படுத்த படுக்கை. நான் இறக்காமம் போனால் அவரை யார் பார்ப்பது? 'மாணவர்க்கு உகந்ததல்ல' என்று ஹாஜியார் எழுதிக் கொண்டுவந்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, புத்தகத்தைத் திருப்பி வாங்க அவள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னம் முடியல்ல டீச்சர். கடைசி அத்தியாயம் இரிக்கி."

"வேற புள்ள கேக்குது மகள்" என்றேன். கூசாமல் வந்தது பொய்.

புத்தகத்தை நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை. "கடைசில அந்தப் புள்ள அழுகுதா டீச்சர்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நூலகப் பொறுப்பாசிரியை அப்படிச் சொல்வதாவது! "இல்ல மகள். சபுரோடதான் இரிக்கி."

அவள் கையை எடுத்தாள். "ஓம் டீச்சர். அப்ப எனக்கும் ஏலும்."

அந்த ஒடுங்கிய ஒழுங்கையின் முனையில் நின்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். அந்தப் பிள்ளை அழுதாள். கடற்கரை மணலில் விழுந்து, உம்மாவின் சீலையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஊர் கேட்கக் கதறினாள். பக்கம் பக்கமாகக் கதறினாள். எல்லாம் ஓய்ந்த பிறகு, பசிக்கிறது என்று சோறு கேட்டாள்.

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் வீட்டு கேட் இன்னும் திறந்துதான் கிடந்தது. அதை நோக்கித் திரும்பி நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன், பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து அருகில் நின்றது. ஹாஜியார்தான், சிரித்த முகத்தோடு.

"புத்தகம் கிடைச்சிட்டா டீச்சர்?"

"ஓம்" என்று நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.