லாக்கப்பில் இருந்தவன் வேலைக்கு வந்த மூன்று நாள்

என் அண்ணன் கைதாகி லாக்கப்பில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சரியான நேரத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறான். கம்பெனியின் வருகைப் பதிவு அப்படித்தான் சொன்னது. அரசு வக்கீல் அதைக் கோர்ட்டில் வாசித்துக் காட்டினார்.

அதைச் செய்தவன் அண்ணனின் தோஸ்த், பக்கத்து மெஷினில் தைக்கும் நண்பன். எல்லாருடைய வருகைக் கார்டும் கேட் பக்கத்தில் ஒரே பலகையில் தொங்கும். ஒருவன் வரத் தாமதமானால் பக்கத்து மெஷின்காரன் அவன் கார்டையும் சேர்த்துத் தேய்த்துவிடுவது அங்கே வழக்கம். சீக்கிரம் விட்டுவிடுவார்கள், அதுவரை அண்ணனுக்கு ஆப்சென்ட் விழக் கூடாது என்று பாசத்தில் தேய்த்திருக்கிறான். அந்தப் பாசத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் மனையை இன்னொருவருக்கும் விற்ற தரகரை, வாலாஜாபேட்டையில் அவர் வீட்டிலேயே ஒரு மாலை யாரோ குத்திக் கொன்றார்கள். முந்தின வாரம்தான் லாங் பஜாரில் அத்தனை பேர் பார்க்க அண்ணன் அவர் சட்டையைப் பிடித்திருந்தான். கொலை நடந்த நேரம் அவன் ஆம்பூரில் தையல் மெஷினில் இருந்தான். அதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் பதிவு. லாக்கப்பில் இருந்தவனையே வந்ததாகக் காட்டும் பதிவை எந்த நீதிபதி நம்புவார்? கார்டு விஷயம் வெளியே வந்தால் வேலை போகும் என்று தோஸ்த் உட்பட யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், கடைசியில் மறுஆய்வு மனு, எல்லாமே தள்ளுபடி.

போன மாதம் தோஸ்த் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். வேலையை விட்டுவிட்டானாம். "அன்னிக்கு சாயந்தரம் என் பக்கத்துலதாம்மா தச்சிக்கினு இருந்தான். எங்க வேணா வந்து சொல்றேன்" என்று அழுதான்.

அவனை இழுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன்.

"அப்பீல் எல்லாம் முடிஞ்சிபோச்சும்மா. இவன அன்னிக்கே சாட்சிக்குக் கூப்ட்டிருக்கலாமேன்னு கேட்டு, இது புது சாட்சியே இல்லன்னுடுவாங்க கோர்ட்டுல. இனிமே தண்டனைய கம்மி பண்ணச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு போடலாம். அதுல செய்யலன்னு வாதாட முடியாது. திருந்திட்டான்னுதான் சொல்லணும்."

"செய்யாததுக்கு இன்னா சார் திருந்தறது?" என்று கத்தினேன். அவர் ஃபைலைக் கட்டிவைத்தார்.

ஆறுதலாகவாவது இருக்குமே என்று ஜெயிலில் மனுப் போட்டு அண்ணனைப் பார்க்கப் போனபோது தோஸ்த் வந்ததைச் சொன்னேன். அவன் சந்தோஷப்படவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

"அவன் நல்லா பாத்தானா? நான் அங்கதான் இருந்தேனா?"

"இன்னாண்ணா கேக்கற?"

"எல்லா கோர்ட்டும் நான்தான்னு சொல்லிட்டாங்களேம்மா. இப்பல்லாம் அந்த ஆளு வீடு எனக்கு ஞாபகம் வருது. பச்சை செவுரு. ஜன்னலாண்ட ஒரு தையல் மெஷின்."

அந்த வீட்டு வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்தார். அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"நீயும் எவ்ளோ நாளைக்குத்தாம்மா எனக்காக பொய் சொல்லுவ?"