ஏரியில் போன மூடி

என் சமையலறையில் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி இருக்கிறது. அதற்கு மூடி கிடையாது. பார்க்கிறவர்கள் புது மூடி போடச் சொல்வார்கள். நான் தலையாட்டிவிட்டு, ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்வேன்.

அது அம்மாவின் தூக்கு. அப்போது நாங்கள் பர்மாவில் இருந்தோம்; அப்பாவுக்கு இன்சீன் ரயில் பட்டறையில் வேலை. மூன்று வயதுத் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். பால்பல் விழாத பிள்ளையைப் புதைப்பதோடு சரி என்பது எங்கள் வழக்கம். திதி இல்லை, படையல் இல்லை. “பச்சப்புள்ளைக்குப் படைச்சா அது போவாது, வாசல்லயே நிக்கும்” என்று அண்டைவீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். அமாவாசைக்கு அம்மா தன் அப்பாவுக்கு இலை போட்டாள். பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வைக்க வழியில்லை. அவள் அழவில்லை. சமைத்தாள், எங்களுக்குப் போட்டாள், தான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் உள்ளே மரத்துத்தான் கிடந்தது.

அப்பாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, ரயில் டிக்கெட் வாங்கத் தெரியும். நீர்நாயை பர்மியர் போல நாங்களும் பியன் என்றே சொல்வோம். பியன் காட்டுகிறேன் என்று தம்பிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பட்டறை விடுமுறையன்று, “ஏரிக்குப் போயி பியன் பாத்துட்டு வருவோம், கெளம்புங்க” என்றார். இனி யார் பார்க்க என்று அம்மா கேட்கவில்லை. தூக்கில் சோறும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டாள்.

இன்சீனுக்கு வடக்கே, ரங்கூனுக்குக் குடிநீர் போகிற ஏரி அது. கரையில் கோரைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். “வாயத் தொறக்காதீங்க, வரும்” என்று சொல்லிவிட்டு, அப்பாவே சுருட்டு இருமலை அடக்க முடியாமல் தவித்தார். வெயில் சாயும்போது தண்ணீரில் குமிழிகள் வரிசையாக வந்தன. பிறகு ஒரு தட்டைத் தலை, சொட்டும் மீசை. அதன் பின்னாலேயே ஒரு குட்டி. தாய் பிடித்துவந்த மீனைக் குட்டி கடிக்கிற சத்தம் கரைவரை கேட்டது. தம்பி இருந்திருந்தால் கத்தியே விரட்டியிருப்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்புகூட வலிக்கவில்லை.

அம்மா தூக்கைத் திறந்தாள். மூடியைக் கவிழ்த்து, அதில் ஒரு பிடி சோறும் மீனின் வால் துண்டும் வைத்தாள். தம்பி வால் துண்டைத்தான் கேட்பான். பிறகு உள்ளங்கையில் நீர் அள்ளி, படையலுக்குச் சுற்றுவது போல அதைச் சுற்றி விட்டாள்.

“என்னம்மா பண்ற?” என்றார் அப்பா.

“பியனுக்கு.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மூடியைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள். அது கொஞ்ச தூரம் மிதந்துபோனது. குட்டி நீந்தி வந்து முகர்ந்தது, மீனைக் கவ்வியது. மூடி சாய்ந்து முழுகிவிட்டது. அம்மா அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். படைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது நான் ரங்கூனிலேயே, தாகேதா பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் அவன் அளவு பார்த்து ஒரு மூடி வாங்கிவந்தான். கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

“இதுக்கு மூடி இருக்குப்பா.”

எங்கே என்று பர்மிய மொழியில் கேட்டான்.

“ஒன் மாமாகிட்ட இருக்கு” என்றேன்.