இளவரசியின் தங்கை

தொடர்கதையில் வந்த இளவரசி ஏன் அரண்மனையை விட்டுப் போனாள் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. நாட்டின் எல்லையைக் காக்கப் போனாள் என்பது நைனாவின் கட்சி. எங்கள் ஊரான நகரியில் அப்போது யாரைப் பார்த்தாலும் எல்லைப் பேச்சுதான். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று டீக்கடையில் உட்கார்ந்தே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இளவரசிக்கும் அந்தக் கவலைதான் என்று நைனா நினைத்தார். அவளுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்பாள் அத்தை. நான் அத்தை பக்கம்; ஆனால் எனக்கு ஓட்டுக் கிடையாது.

அத்தை நைனாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தைதான் என்னை வளர்த்தாள். சமைப்பாள், நைனாவின் தறிக்கு நூல் சுற்றுவாள், வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பாள். என்னைத் தெலுங்குப் பள்ளியில் போட்டிருந்ததால் எனக்குத் தமிழில் ஓர் எழுத்தும் படிக்க வராது. சண்டைக்காட்சி வந்தால் நைனா தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். மற்றதையெல்லாம் நான் மட்டும் கேட்பேன்.

இளவரசி கிளம்பும் இடத்தை அத்தை மெதுவாகப் படித்தாள். நூறு சமையல்காரர்கள் இருந்த அரண்மனையில் சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஒருவரும் இல்லையாம். படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது அண்ணன் சிரித்தானாம். தறி ஓடிக்கொண்டிருந்தது. இளவரசிக்கு ஒரு குட்டித் தங்கையாம். அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குமாம்.

"தங்கச்சிய வுட்டுட்டா போறா? மோசக்காரி!" என்றேன்.

அத்தை பக்கத்தைத் திருப்பவில்லை. "அந்தக் கொயந்தைய நெனச்சிக்கினுதான் இத்தினி வருசம் அங்க கெடந்தா" என்றாள்.

"திரும்பி வருவாளா?"

"அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது, படிக்க அத்தை இல்லை. ரயிலேறி மதராஸுக்குப் போய், பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் விடுதி ஒன்றில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார் நைனா. பத்திரிகையைப் பிரித்துப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச ஆளில்லை. அத்தையைத் திட்ட மனசு வரவில்லை. அதனால் இளவரசியைத் திட்டித் தீர்த்தேன்.

கல்யாணமாகி வேலூருக்கு வந்த பிறகுதான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை அதற்குள் புத்தகமாக வந்திருந்தது. தங்கை என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். நைனா சொன்னதுதான் சரி. இளவரசி எல்லையைக் காக்கத்தான் போயிருந்தாள். நூறு சமையல்காரர்களும் இல்லை, சிரித்த அண்ணனும் இல்லை.

அவளுக்குத் தங்கையே கிடையாது.