ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் நிற்கும் நேர்ச்சை

இசக்கியப்பன், அதாவது இதை எழுதுகிறவன், ஆவுடைநாயகம் அண்ணாச்சியை முதன்முதலாகப் பார்த்தது ஒரு பித்தளைக் குடத்தை முன்னிட்டு. தொண்ணூற்றாறாம் வருஷம். சீவலப்பேரிப் பக்கத்தில் அவன் ஊரில் முதல் பட்டதாரி அவன்தான். இயன்முறை மருத்துவம் படித்து, பாளையங்கோட்டையில் இரண்டு கட்டில் போட்டு ஒரு கிளினிக்கும் திறந்தாயிற்று. அவன் அம்மாவுக்கு அது போதவில்லை. ஒரு குடம் வாங்கி அதில் பேரையும் பட்டத்தையும் வெட்டிக்கொண்டு வா, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாலு பேர் வாசிக்கட்டும் என்று தச்சநல்லூருக்கு அனுப்பிவிட்டாள்.

அங்கேதான் அண்ணாச்சியின் பாத்திரக்கடை. கல்லாவில் மெத்தை இருந்தது, திண்டு இருந்தது, அண்ணாச்சி மட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

"என்ன பேரு வெட்டணும்?"

"இசக்கியப்பன், பி.பி.டி."

"பேரு சரி. பின்னால என்னவே அது, வாலு?"

"படிப்பு அண்ணாச்சி. இடுப்புவலி, கால்வலியக் கையாலயே சரிபண்ணுத படிப்பு."

அண்ணாச்சி அண்டாவை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தார். "நீரு காலு முந்திப் பெறந்தவரா?"

"இல்ல அண்ணாச்சி, படிச்சு வந்தவன்."

அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் ஒரு மிதி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு ஓடிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அப்படிப் பிறந்த மாட்டுத் தரகர் ஒருவரை அண்ணாச்சி ஏற்கெனவே ராஜவல்லிபுரத்தில் தேடிப்பிடித்து, குப்புறப் படுத்து, மிதியும் வாங்கியாயிற்று. பிடிப்பு ஓடத்தான் செய்தது. இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு ஓடியது.

அப்புறம் ஊரே வைத்தியம் பார்த்தது. எல்லோருக்கும் ஒரே முடிவுதான்: வாய்வு. அண்ணாச்சியின் மனைவி பிரமாச்சி பூண்டு லேகியம் கிண்டினாள். அதைத் தின்ற ஒரு மண்டலமும் வாடிக்கையாளர்கள் வாசலில் நின்றே விலை கேட்டார்கள். வாய்வு போனது, ஏராளமாகவே போனது. வலி போகவில்லை. வலது பிட்டத்தில் புறப்பட்டு, தொடையின் பின்பக்கமாகச் சுண்டு விரல்வரை கரண்டு மாதிரி சுரீர் என்று இறங்கியது. நின்றால் தேவலை. உட்கார்ந்தால் உயிர் போனது.

இந்த லட்சணத்தில்தான் மகள் சங்கரவடிவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மந்திரமூர்த்தி, பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். அவர் வீட்டார் ஜமுக்காளத்தைக் காட்டி, "உக்காருங்க சம்மந்தி" என்றார்கள். அண்ணாச்சிக்கு வேர்த்தது. 'வாதக்கால் குடும்பம்' என்று பேர் வந்துவிட்டால் பெண்ணின் கதி? வாய் தானாகத் திறந்தது.

"நான் உக்காரக் கூடாது சம்மந்தி. நேர்ச்சை. மகளைத் தாரை வாக்குத வரைக்கும் நிக்கேன்னு நெல்லையப்பருக்கு நேந்திருக்கேன்."

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மந்திரமூர்த்தி விருட்டென்று சுவரோரம் போய் நின்றுகொண்டார். "அப்போ நானும் நிக்கேன் சம்மந்தி! பொண்ணு வீட்டுக்காரரு நிக்க, நான் உக்காந்து காப்பி குடிச்சா ஊரு சிரிக்காதா?"

இப்படியாக இரண்டு சம்மந்திமாரும் இரண்டு தூண் மாதிரி நிற்க, நடுவில் தட்டு மாற்றினார்கள். தமிழ் வாத்தியார் ஒருவர் அன்றே 'நின்றசீர் ஆவுடைநாயகம்' என்று பேர் வைத்தார். கைக்குழந்தைகளைக் கடைக்குத் தூக்கிவந்து திருநீறு பூசச் சொன்னார்கள். விபரீதம் என்னவென்றால், மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் தாரை வார்க்கவேண்டும். நேர்ச்சை முடிகிற இடம் அதுதான் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு உட்கார முடியாவிட்டால் மானம் மணவறையிலேயே போகும். ஆவணியில் கல்யாணம். இப்போது ஆனி.

"கூட்டிட்டுப் போங்க தம்பி, மிதிக்கவாவது செய்யுங்க" என்றாள், கடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிரமாச்சி.

கிளினிக்கில் இசக்கியப்பன் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது காலை மடக்காமல் பைய மேலே தூக்கினான். அரை உயரம் போகுமுன்னே, "காந்தியம்மா!" என்று நெல்லையப்பர் கோயில் அம்மனைக் கூப்பிட்டு அலறினார்.

"இது வாய்வு இல்ல அண்ணாச்சி. நரம்பு. முதுகுத்தண்டுலேருந்து பொறப்பட்டுப் பிட்டத்துச் சதைக்கு அடியில போயி, காலோட கடைசி வரைக்கும் இறங்குது. கைத்தடி தடிமன் இருக்கும்னு வச்சுக்கிடாதிய, சுண்டுவிரல் தடிமன். எங்கயோ நெரிபடுது."

"காலு வலிக்கின்னா இடுப்பத் தடவுதீரேவே?"

"கடைமடை வயலுக்குத் தண்ணி வரலன்னா வயலுக்குள்ளயா தோண்டுவிய? மேல மடையில என்ன அடைச்சிருக்குன்னு பாக்கண்டாமா?"

அண்ணாச்சிக்கு வயல் கணக்கு உடனே விளங்கியது. குப்புறப் படுத்தார். இடுப்பெலும்பில் கோளாறு தெரியவில்லை. வேட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்த இசக்கியப்பன் அப்படியே நின்றுவிட்டான். வலது பிட்டத்தில் தோல் காய்த்துப்போய் ஒரு அச்சு. வளையம், தண்டு, பல். சாட்சாத் ஒரு சாவி.

"அண்ணாச்சி, இங்கன என்ன வச்சு உக்காருவிய?"

"கடைச் சாவிக்கொத்து. பழைய காலத்துப் பூட்டு, ஒவ்வொரு சாவியும் முழங்கை நீளம். இடுப்புல சொருகினா வேட்டி அவுந்துரும், ஆணியில மாட்டினா எவனாவது தூக்கிருவான். அதான் பதினெட்டு வருசமா அதும்மேலயே உக்காந்திருக்கேன். எடுக்கணும்னா என்னைத் தூக்கணும்லா?" பெருமையாகத்தான் சொன்னார்.

"உங்க மடையில அடைச்ச கல்லு அதுதான்."

சாவிக்கு அன்றோடு தடை. பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. காய்த்த இடத்துக்குப் பக்கத்தில் இறுகிக் கிடந்த சதையை இசக்கியப்பன் முழங்கையால் அழுத்துவான். அண்ணாச்சி வரிசையாகத் தெய்வங்களைக் கூப்பிடுவார். அப்புறம் முழங்காலை எதிர்த்தோளுக்கு இழுத்துப் பிடிக்கவேண்டும். கடையில் நின்றபடியே காலை நீட்டி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டவேண்டும். அண்ணாச்சி காலால் ஆள் கூப்பிடுகிறார் என்று எதிர்க்கடை டீக்காரர் இரண்டு தடவை ஓடிவந்தார்.

ஆடி பாதியில் மடக்காத காலை முக்கால் உயரம் தூக்க முடிந்தது. உட்கார மட்டும் பயம். அன்றைக்கு முழங்கை கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட, அண்ணாச்சி கூரை அதிரக் கத்தினார். "ஏ பாவி, நெல்லையப்பா! உனக்கு நேந்ததே பொய்யி, அதுக்கா இந்த வேதனை!"

நடுத்திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலிலிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது.

"ஆரு... சம்மந்தியா?"

இசக்கியப்பன் திரையை விலக்கினான். அங்கே மந்திரமூர்த்தி, அரைவேட்டியோடு, தலையணையைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தார். லேத்தில் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது, எட்டு மாசமாக உட்கார முடியவில்லை என்று வந்தவர். யாருக்குச் சம்மந்தி என்று இசக்கியப்பன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இரண்டு பேரும் குப்புறக் கிடந்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்போ அன்னைக்கு நீரு நின்னது?" என்றார் அண்ணாச்சி.

"நிச்சயத்துக்கு வரும்போதே எப்பிடி உக்காராமத் தப்பிக்கன்னுதான் யோசிச்சிக்கிட்டு வந்தேன். நீரு நேர்ச்சைன்னதும் எனக்குத் தெய்வமே பேசுனாப்பில இருந்தது வே!"

முதலில் யார் சிரித்தது என்று சொல்லமுடியாது. சிரித்ததில் இரண்டு பேருக்கும் சுரீர் என்று இழுத்தது. "அய்யோ" என்று ஒரே சுரத்தில் கத்திவிட்டு மறுபடியும் சிரித்தார்கள்.

"வீட்டுல சொல்லிராதீரும்" என்றார் மந்திரமூர்த்தி. "எம் பொஞ்சாதி உம்ம படத்தச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டப்போறேங்கா."

பயம் விட்ட பிறகு அண்ணாச்சியின் சதை நன்றாக இளகியது. ஆவணி வந்தது. மண்டபமே எழுந்து நின்று பார்த்தது, வீடியோக்காரர் விளக்கோடு கிட்டே வந்தார். அண்ணாச்சி நெல்லையப்பர் கோயில் திசையைக் கும்பிட்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, பைய மணையில் உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். மகள் கையைப் பிடித்துத் தாரை வார்க்கையில் அவர் கண்ணில் நீர் வந்தது. சங்கரவடிவு பயந்துபோய், "வலிக்கா அப்பா?" என்றாள். "இல்லட்டி, உக்காந்திருக்கேன்லா" என்றார். எதிரே மந்திரமூர்த்தியும் உட்கார்ந்து கண் சிமிட்டினார்.

குடம் மறு வாரம் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. அதில், 'இசக்கியப்பன் பி.பி.டி., படிச்சு வந்தவர்' என்று வெட்டியிருந்தது.

அண்ணாச்சி இப்போது தச்சநல்லூர்க் கடையில் கல்லா மெத்தைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார். சாவிக்கொத்து பிரமாச்சியின் இடுப்பில் இருக்கிறது.