அன்னம் வரைந்த மிதவை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண்மாய்க் கரையில் அந்த இரண்டு மிதவைகளும் கிடந்தன. ஏதோ ஒரு விடுதியில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டியவை. அடியில் நான்கு நீல டிரம்கள், மேலே இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை. வித்தியாசம் ஒன்றுதான். ஒன்றின் முகப்பில் யாரோ வெள்ளை பெயிண்டில் அன்னம் வரைந்திருந்தார்கள். பார்க்க வாத்து மாதிரிதான் இருந்தது. எனக்கு அது அன்னம்.

அப்பா அந்த வருடம் சோழபுரத்துப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தார். தீவனம் போட, வலை விரிக்க ஒரு மிதவை வேண்டும். ராஜபாளையத்திலிருந்து என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். இருபது வருடம் பஞ்சாலையில் நின்றவர். இயந்திர இரைச்சல் அவர் காதைப் பாதி தின்றிருந்தது. ஒன்பது வயதில் நான்தான் அவருக்குக் காது.

அவற்றை விற்கிற பாய் எதையும் ஒளிக்கவில்லை. "ஏலத்துல ரெண்டையும் சேத்து எடுத்தேன் அண்ணாச்சி. டிரம்மு எதுவும் ஒழுகுதான்னு எனக்கே தெரியாது. செத்த நேரம் தண்ணியில விட்டுப் பாருங்க."

முதலில் அன்னம். அப்பா முன்னால் நின்று மூங்கிலை ஊன்ற, நான் பின்னால் உட்கார்ந்தேன். நடுவே போனதும் எனக்குக் கீழே இருந்த டிரம்முக்குள் தண்ணீர் அலம்பியது. களக், களக்.

"பின்னாடி டிரம்முல தண்ணி சத்தம் கேக்குதா பாப்பா?"

"இல்லப்பா."

அடுத்ததில் ஒரு சத்தமும் இல்லை. அவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"இதுலதான்ப்பா லேசாக் கேக்குது" என்றேன்.

அப்பா திரும்பி என்னையும் கரையில் நின்ற அன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அன்னம் லோடு ஆட்டோவில் ஏறியது. வழிநெடுக நான் பைக்கில் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவன மூட்டைகளோடு அப்பா கண்மாயின் நடுவே போயிருந்தார். அம்மாவும் நானும் கரையில் நின்றோம். மிதவையின் பின்மூலை மெல்ல அமுங்கியது. மூட்டைகள் சரிந்தன. அப்பாவைக் காணவில்லை. அம்மா புடவையோடு தண்ணீருக்குள் இறங்கிக் கத்தினாள். கொஞ்சம் தள்ளி அவர் தலை மேலே வந்தது. வலை மிதக்கக் கட்டியிருந்த வெற்றுக் கேனைப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் பாசியோடு கரையேறினார்.

அம்மாவுக்குப் பயம் தணிந்ததும் கோபம் வந்தது. "பாத்துத்தான எடுத்தீக? காது கேக்காதுன்னுதான இவளக் கூட்டிட்டுப் போனீக? ஏட்டி, நீ சொல்லலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அவ சொன்னா. நான்தான் காதுல வாங்கல."

நான் சரியாகத்தான் சொன்னேன், தன் காதுதான் மாற்றிக் கேட்டுவிட்டது என்று அவர் நினைப்பதாகவே அன்று நம்பினேன். தப்பித்த நிம்மதியோடு அவர்மேல் பாவமாகவும் இருந்தது; தன் காதையே நம்ப முடியாமல் ஆகிவிட்டாரே என்று. மறுநாளிலிருந்து அவரிடம் சத்தமாகப் பேசத் தொடங்கினேன்.

அவரும் ஒவ்வொரு தடவையும் குனிந்து கேட்டுக்கொண்டார்.